கண்ணாடிக்கு இரண்டு பக்கமும்: 'சீக்ரெட் சன்ஷைன்' படமும் மன்னிப்பின் கணக்கும்

2007-ல் வந்த 'சீக்ரெட் சன்ஷைன்' என்ற கொரியப் படத்தைப் போன வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். இயக்குநர் லீ சாங்-டோங். கதாநாயகியாக நடித்த ஜியோன் டோ-யோனுக்கு அந்த வருஷம் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 'பாரசைட்' படத்தில் அப்பாவாக வருவாரே சாங் காங்-ஹோ, அவரும் இதில் உண்டு.

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. கிறிஸ்தவ விசுவாசத்தை அடித்து நொறுக்க எடுத்த படம் என்று நினைத்தேன். சில வருஷம் கழித்து இரண்டாவது தடவை பார்த்தபோது, 'அடிச்சா என்ன தப்பு, சரியாத்தானே அடிச்சிருக்கான்' என்று தோன்றியது. இந்த மூன்றாவது தடவை இரண்டு முடிவுமே தப்பு என்று படுகிறது. அதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு. படம் பார்க்காதவர்கள் கவனிக்கவும், கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சொந்தக் கதை. அது இல்லாமல் இந்தப் படம் என்னை ஏன் இப்படித் தொந்தரவு செய்கிறது என்று விளங்காது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் சபையில் ஒருவர் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். அக்கா கல்யாணத்துக்கென்று அம்மா அவரிடம் மாசாமாசம் கட்டி வந்தாள். பதினெட்டாயிரம் ரூபாய் சேர்ந்திருந்த சமயத்தில் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு ஞாயிறு ஆராதனையில் முன்னால் நின்று சாட்சி சொன்னார். தான் பாவியாக இருந்ததையும், கர்த்தர் தன்னைத் தேடி வந்து மன்னித்ததையும், இப்போது மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதையும் கண்ணீரோடு சொன்னார். சபையே அழுதது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர் அம்மாவிடம், "நீங்களும் மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கும்போது சொன்னாள்: "அவன் எங்கிட்ட கேக்கலியே. ஆண்டவர்கிட்டல்ல கேட்டிருக்கான்."

அந்த ஒரு வாக்கியத்தை இந்தப் படம் 142 நிமிஷமாக விரித்துக் காட்டுகிறது.

கதை

ஷின்-ஏ கணவனை விபத்தில் இழந்தவள். சின்னப் பையன் ஜுனைக் கூட்டிக்கொண்டு கணவனின் சொந்த ஊரான மிர்யாங்குக்குக் குடிவருகிறாள். தென் கொரியாவின் தெற்கே உள்ள நடுத்தர ஊர் அது. ஊர்ப்பெயரைச் சீன எழுத்தில் எழுதினால் 'மறைவான சூரிய ஒளி' என்று பொருள் வரும். படத்தின் தலைப்பு அதுதான். ஊருக்குள் நுழையும் முன்பே அவள் கார் நின்றுபோகிறது. சரிசெய்ய வருபவர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஜோங்-சான். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர், கொஞ்சம் அசட்டுத்தனமானவர், நல்லவர். அன்றிலிருந்து அவள் பின்னாலேயே சுற்றுகிறார்.

ஷின்-ஏ சின்னதாக ஒரு பியானோ வகுப்பு தொடங்குகிறாள். புது ஊரில் தன்னை யாரும் இளப்பமாக நினைக்கக்கூடாது என்று, கையில் காசு இருப்பதுபோல, நிலம் வாங்கப்போவதுபோல பேச்சுக் கொடுத்து வைக்கிறாள். அந்தப் பொய்யை நம்பிய ஒருத்தன் ஜுனைக் கடத்திப் பணம் கேட்கிறான். வங்கியில் இருந்த கொஞ்சப் பணத்தையும் எடுத்துக் கொடுக்கிறாள். பையன் பிணமாகத்தான் கிடைக்கிறான். கொன்றவன், பையன் போய்க்கொண்டிருந்த பேச்சுப் பயிற்சிப் பள்ளியை நடத்துபவன்.

எதிர்வரிசை மருந்துக் கடைக்காரம்மா ஏற்கெனவே இவளைச் சபைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர். ஒருநாள் ஷின்-ஏ தாங்க முடியாமல் துக்கப்பட்டவர்களுக்கான ஒரு ஜெபக்கூட்டத்துக்குள் நுழைகிறாள். அங்கே அவள் கதறுவது படத்தின் மிகக் கடினமான காட்சிகளில் ஒன்று. போதகர் தலையில் கை வைக்கிறார். கதறல் மெல்ல அடங்குகிறது. அதன்பிறகு விசுவாசியாகிறாள், சிரிக்கிறாள், தெருவில் நின்று பாடுகிறாள். கடைசியில், கொலைகாரனைச் சிறையில் போய்ப் பார்த்து நேரிலேயே மன்னிக்கப்போகிறேன் என்கிறாள். மனசுக்குள் மன்னித்தால் போதாதா, நேரில் போகணுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவள் கேட்பதில்லை.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்காருகிறான். தெளிந்த முகம். தானும் ஆண்டவரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறான். அழுது மனந்திரும்பினேன், தேவன் என் பாவத்தை மன்னித்துவிட்டார், அன்றிலிருந்து மனசில் சமாதானம் என்கிறான். ஜுனின் அம்மாவுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன் என்கிறான்.

வெளியே வந்ததும் ஷின்-ஏ மயங்கி விழுகிறாள். நான் மன்னிப்பதற்கு முன்னால் தேவன் எப்படி அவனை மன்னிக்கலாம் என்பது அவளுடைய கேள்வி. அதற்குப் பிறகு படம் முழுக்க அவள் தேவனோடு போடும் சண்டைதான். வெளியரங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியாக, 'எல்லாம் பொய்' என்று சொல்லும் பழைய சினிமாப்பாட்டு பாணிப் பாடலைப் போட்டுவிடுகிறாள். மருந்துக் கடைக்காரம்மாவின் கணவரை, அவர் சபையில் மூப்பர், மயக்கப் பார்க்கிறாள். அப்போது அவள் கண் வானத்தைப் பார்க்கிறது, 'பாத்துக்கோ' என்பதுபோல. கடைசியில் கையை அறுத்துக்கொண்டு, பயந்து தெருவுக்கு ஓடிவந்து காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள்.

அந்த அறையில் யார் இல்லை?

சிறைக்காட்சியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, 'அவன் நடிக்கிறான், போலி மனந்திரும்புதல்.' இன்னொன்று, 'பார், கிறிஸ்தவத்தின் மன்னிப்பு எவ்வளவு குரூரமானது.'

முதலாவது சரியில்லை. இயக்குநர் அவனை வேஷக்காரனாகக் காட்டவே இல்லை. அவன் பேச்சில் கள்ளம் எதுவும் தெரியாது. வேஷக்காரன் என்றால் நமக்கு வேலை சுலபம், திட்டிவிட்டுப் போய்விடலாம். அவன் சொல்வதை அவன் முழுசாக நம்புகிறான். எங்கள் சபையில் சாட்சி சொன்னவரும் நம்பித்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவதுக்கு வருவோம். இந்தத் தடவை அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இருவரும் பேசுவதில் பெரும்பகுதி தேவனைப் பற்றித்தான். அவள், தேவனின் அன்பையும் கிருபையையும் அறிவிக்க வந்தேன் என்கிறாள். அவன், உங்கள் வாயால் இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம் என்கிறான். ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு பேர் சந்தித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. மரியாதைக்குச் சொல்லும் வருத்தம் இருக்கிறது. ஆனால் "உங்க பிள்ளைக்கு நான் செஞ்சது..." என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வருவதே இல்லை. அவளும் அதைக் கேட்பதில்லை.

ஜுனின் பெயர் மட்டும் வருகிறது. எப்படி என்றால், கொரியாவில் ஒரு பெண்ணைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னாரின் அம்மா' என்று கூப்பிடுவது வழக்கம், நம்மூர் மாதிரியே. அப்படி அவன் அவளை 'ஜுனின் அம்மா' என்கிறான். கொன்ற பிள்ளையின் பெயரை மரியாதைச் சொல்லாக வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாமலேயே அவனால் பேச முடிகிறது. எனக்கு அந்தக் காட்சியில் தாங்க முடியாத இடம் இதுதான். முதல் இரண்டு தடவை கவனிக்கவில்லை.

ஷின்-ஏ பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் மன்னிக்கப் போன விதத்திலும் கோளாறு இருக்கிறது. தன் இழப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் போகவில்லை. ஒரு நற்செய்தியோடு, கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு போகிறாள். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று தெரிந்ததும் நொறுங்குகிறாள். தன் பொய்தான் பையனின் உயிருக்கு உலை வைத்ததோ என்ற உறுத்தல் அவளுக்குள் இருக்காதா? அதை மன்னிக்க வேண்டியவன் ஜுன். அவன் இல்லை. கொலைகாரனை மன்னிப்பதற்குள் அவள் அவ்வளவு அவசரமாக ஓடியதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் வாசிப்பு. படம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

வேதாகமம் சொல்லும் வரிசை

இப்போது முக்கியமான கேள்வி. அந்த மனிதன் பெற்றதாகச் சொல்லும் மன்னிப்பு, சுவிசேஷங்களில் இருக்கும் மன்னிப்புதானா?

மன்னிப்பு என்றதும் எல்லாரும் எடுப்பது மத்தேயு 18-ஆம் அதிகாரம். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன், கெஞ்சியதும் விடுவிக்கப்படுகிறான். வெளியே போய், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி; மத்தேயு 20-ல் திராட்சத்தோட்ட வேலைக்காரர்களுக்குக் கிடைப்பதும் அதுதான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி, ஒன்றரை லட்சம் வருஷத்துக்கும் மேலே. யாராலும் அடைக்க முடியாது.

பிரசங்கங்களில் இந்தப் பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு, நூறு தெனாரியத்தைச் 'சில்லறைக்காசு' என்று தள்ளிவிடுவார்கள். அது சில்லறை இல்லை. நூறு நாள் கூலி. கூலி வேலை செய்பவனுக்கு மூன்று மாதத்துக்கு மேலான சம்பாத்தியம். கதை சொன்னவருக்கு அது தெரியும். பாதிக்கப்பட்டவனின் இழப்பு அற்பம் என்று அந்த உவமை சொல்லவே இல்லை. அது பெரிசுதான், இன்னொன்று அதைவிடப் பெரிசு என்றுதான் சொல்கிறது.

இன்னொரு விஷயம். அந்த உவமை யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? கடன் கொடுத்தவனைப் பார்த்து. எத்தனை தடவை மன்னிக்கணும் என்று பேதுரு கேட்டதற்கு வந்த பதில் அது. தப்பு செய்தவனுக்கு வேறொரு இடம் இருக்கிறது, மத்தேயு 5. காணிக்கையோடு பலிபீடத்தின் முன் வந்து நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து என்கிறார் இயேசு. வழிபாட்டை நடுவில் நிறுத்தச் சொல்கிறார். தேவனைக் காத்திருக்க வைத்துவிட்டு முதலில் மனுஷனிடம் போகச் சொல்கிறார்.

இதில் ஒரு சொல் விவரம். அந்த இடத்தில் காணிக்கையை 'விட்டுவிடு' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் வரும் வினை 'அஃபியேமி'. அடுத்த அதிகாரத்தில், பரமண்டல ஜெபத்தில், 'கடன்களை மன்னியும்' என்பதற்கும் அதே வினைதான். வலைகளை விட்டுவிட்டு மீனவர்கள் இயேசுவின் பின்னால் போனார்களே, அங்கேயும் அதே வினை. கையில் இருப்பதைக் கீழே விடுவது, போகவிடுவது. நம் தமிழில் இதற்கு இன்னொரு பழைய சொல் உண்டு: 'பொறுத்தல்'. பழைய கத்தோலிக்க ஜெபத்தமிழில் மன்னிப்புக்கு இந்தச் சொல்தான். சுமையைப் பொறுப்பது என்றும் சொல்கிறோம். ஒரு சொல் சுமையை இறக்கி வைக்கிறது, இன்னொன்று சுமக்கிறது. மன்னித்துப் பார்த்தவர்களுக்கு இரண்டும் உண்மை என்று தெரியும்.

இந்த வரிசை இயேசு வளர்ந்த யூத மரபுக்கும் அந்நியமில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பாவநிவாரண நாளைப் பற்றிய பகுதி தெளிவாகச் சொல்கிறது: மனுஷனுக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள பாவங்களுக்கு அந்த நாள் பரிகாரம், மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவே உள்ளவற்றுக்கு, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும் வரைக்கும் பரிகாரம் இல்லை.

என் குறை என்னவென்றால், நம் சபைகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 18-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறோம். தப்பு செய்தவர்களுக்கு 5-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பதில்லை. அன்றைக்குப் போதகர் அம்மாவிடம் "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அந்த மனிதரிடம் "போய் அந்தம்மாவைப் பாத்துப் பேசிட்டு வாய்யா, அப்புறம் சாட்சி சொல்லலாம்" என்று சொன்னதாகத் தெரியவில்லை. படத்திலும் அப்படித்தான். சிறைக்குள் அவனுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவர் யாரோ இருந்திருப்பார். பலிபீடத்தை விட்டு எழுந்து போ என்று அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜெயிலில் இருப்பவனால் எழுந்து போக முடியாதுதான். கடிதம் எழுதலாமே! கடைசியில் யார் யாரைத் தேடிப் போகிறார்கள் பாருங்கள். கடன்காரன் உட்கார்ந்த இடத்தில் இருக்க, கடன் கொடுத்தவள் தேடி வருகிறாள்.

ஒரு நியாயமான மறுப்பு

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்படின்னா பாதிக்கப்பட்டவங்க சம்மதிக்கிற வரைக்கும் தேவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? அவங்க செத்துப்போயிருந்தா? மன்னிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டா? சிலுவைல தொங்கின கள்ளன் யார்கிட்ட போய் ஒப்புரவானான்?"

நியாயமான கேள்வி. கள்ளனுக்கு நேரமே இல்லை. கிருபை முதலில் வருகிறது, நாம் தகுதியாவதற்கு முன்பே வருகிறது என்பது கிறிஸ்தவத்தின் அடித்தளம். அதை மறுத்தால் எதுவும் மிஞ்சாது. ஆகவே ஷின்-ஏயின் கேள்விக்கு, தேவன் அவள் உத்தரவுக்குக் காத்திருந்திருக்க வேண்டும் என்று நான் பதில் சொல்ல முடியாது.

ஆனால் சகேயுவைப் பாருங்கள். லூக்கா 19. வரி வசூலில் ஊரைச் சுரண்டியவன். இயேசு எந்த நிபந்தனையும் போடாமல் அவன் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார். கிருபை முந்திக்கொண்டது. அதற்கு அடுத்த கணம் என்ன நடக்கிறது? சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்கப்புறம். கிருபை வந்ததும் அவன் கண்ணுக்கு முதலில் தெரிவது தான் ஏமாற்றிய ஆட்கள். சிறையில் இருந்தவனுக்கு அப்படித் தெரியவில்லை. கிருபை அவனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டதே என்பதில் எனக்குப் புகார் இல்லை. எதிரில் வந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்தும் அவன் சமாதானம் குலையவில்லையே என்பதுதான் புகார். அந்தச் சமாதானம் ஒரு நிமிஷம் குலைந்திருந்தால், அவன் வாய் அடைத்துப் போயிருந்தால், ஷின்-ஏ மயங்கி விழுந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937-ல் வெளியிட்ட புத்தகத்தில் 'மலிவான கிருபை' என்று ஒன்றைக் கடுமையாகத் தாக்கினார். மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, பின்பற்றுதல் கேட்காத விசுவாசம். அவரை 1945-ல் நாஜிகள் தூக்கிலிட்டார்கள். இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சிறைக்காட்சியை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

குவாங்ஜுவின் நிழல்

படத்துக்கு மூலம் யி சியோங்-ஜுன் 1985-ல் எழுதிய ஒரு சிறுகதை. அதில் கதை சொல்பவன் அப்பா. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறாள். 1980-களின் கடைசியில் இந்தக் கதையைப் படித்தபோது இது குவாங்ஜுவைப் பற்றியது என்று தனக்குப் பட்டதாக லீ சாங்-டோங் சொல்லியிருக்கிறார்.

குவாங்ஜு தெரியாதவர்களுக்கு: 1980 மே மாதம் அந்த நகரத்தில் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. அப்போது அதிகாரம் சுன் டூ-ஹ்வான் கையில். 1996-ல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது, மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. 1997 டிசம்பரில் பொதுமன்னிப்பு. அதைக் கொடுத்த அதிபர் கிம் யங்-சாம் பிரெஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர். அதற்கு ஒப்புக்கொண்ட அடுத்த அதிபர் கிம் டே-ஜுங் கத்தோலிக்கர். 1980-ல் அதே சுன் ஆட்சியில் மரண தண்டனை பெற்றவர்.

கிம் டே-ஜுங் தன் கழுத்துக்கு வந்த கயிற்றை மன்னித்தார். அது அவருக்குச் சொந்தமான கடன், தள்ளுபடி செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு, அது பெரிய மனசும்கூட. ஆனால் குவாங்ஜுவின் தாய்மார்களுக்கு வரவேண்டிய கடனை வேறு யாராவது தள்ளுபடி செய்ய முடியுமா? நாட்டின் ஒற்றுமைக்காக ஓர் அரசு தண்டனையைக் குறைக்கலாம். அதற்கு 'மன்னிப்பு' என்று பெயர் வைத்தால்தான் சிக்கல். சுன் 2021 நவம்பரில் இறந்தார். அதுவரை குவாங்ஜு மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆக, ஷின்-ஏயின் கேள்வி வானத்தைப் பார்த்து மட்டும் கேட்கப்பட்டதில்லை. பாதிக்கப்பட்டவரைத் தாண்டிக்கொண்டு மேலே இருப்பவர் மன்னித்துவிடும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தும். அந்த 'மேலே இருப்பவர்' தேவனாகவும் இருக்கலாம், அதிபராகவும் இருக்கலாம், சபைக் கமிட்டியாகவும் இருக்கலாம்.

முடிவெட்டும் கடை

படத்தில் எனக்குக் குறை உண்டு. மூப்பரை மயக்கும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. தேவனைப் பழிவாங்குகிறாள் என்பது வானத்தைப் பார்க்கும் முதல் பார்வையிலேயே புரிந்துவிடுகிறது. அதே நேரத்தில், சபைக்காரர்களைக் கேலிப்பொருளாக்காமல் விட்டதற்காக இயக்குநரைப் பாராட்ட வேண்டும். அவர்கள் நல்ல ஜனங்கள். சாப்பாடு கொண்டுவருகிறார்கள், கூட உட்காருகிறார்கள், அவளுக்காக ஜெபிக்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் தப்பான வார்த்தையைச் சொல்லிவிடுகிறார்கள். நாமெல்லாம் செய்வதுதான்.

ஆனால் கடைசிப் பகுதி அத்தனை குறையையும் ஈடுகட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஷின்-ஏ முடிவெட்டிக்கொள்ளப் போகிறாள். கத்தரியோடு வந்து நிற்பவள் கொலைகாரனின் மகள். சின்னப் பெண். படிப்பை விட்டாயிற்று, சிறார் இல்லத்தில் இருந்தபோது இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். முன்பு ஒருநாள் இந்தப் பெண்ணைத் தெருவோரம் ஒரு பையன் அடித்துக்கொண்டிருந்ததை ஷின்-ஏ காரிலிருந்து பார்த்தாள், பார்த்துவிட்டு நிற்காமல் போனாள். இப்போது அதே பெண்ணின் விரல்கள் அவள் தலைமுடியில். கண்ணாடியில் இருவர் முகமும் தெரிகிறது. பெண்ணின் கண் கலங்குகிறது. சிறையில் இரண்டு பேரையும் பிரித்த கண்ணாடிக்குப் பதிலாக, இங்கே இரண்டு பேரையும் ஒன்றாகக் காட்டும் கண்ணாடி.

பாதி வெட்டியபடியே ஷின்-ஏ எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

முதல் தடவை பார்த்தபோது இதை அவளுடைய தோல்வி என்று நினைத்தேன். இந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லையே, இவளைக்கூட மன்னிக்க முடியாதா என்று. இப்போது பார்க்கும்போது வேறு மாதிரித் தெரிகிறது. சிறைக்குப் போன நாள் அவள் தயாராகப் போனாள், வசனம் கையில் இருந்தது. இன்று எந்த வசனமும் இல்லை. அந்தப் பெண்ணிடம் 'எப்படி இருக்கே, என்ன படிக்கிறே' என்கிற மாதிரி இரண்டு வார்த்தை பேசினாள், அதற்கு மேல் முடியவில்லை, எழுந்துவிட்டாள். முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுந்து போவது, சிறையில் சொல்லப்போன மன்னிப்பைவிட உண்மையானது.

வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டு, மீதி முடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள். ஜோங்-சான் வந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கிறார். அவள் பின்னாலேயே சபைக்குப் போக ஆரம்பித்து, அவள் விட்டபிறகும் போய்க்கொண்டிருக்கும் ஆள் அவர். தேவனைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, மன்னிக்கச் சொல்வதில்லை. கண்ணாடியை ஆடாமல் பிடிக்கிறார், அவ்வளவுதான். வெட்டிய முடி காற்றில் உருண்டு போக, கேமரா அதன் பின்னால் இறங்கி, சேறும் குப்பையுமாகக் கிடக்கும் ஒரு மூலையில் விழுந்திருக்கும் வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. படம் வானத்தில் ஆரம்பித்துத் தரையில் முடிகிறது.

அம்மாவின் கதையையும் முடித்துவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ரொம்ப நாள் பரமண்டல ஜெபத்தில் கடனைப் பற்றிய வரி வரும்போது அம்மா வாயை மூடிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு மட்டும் தெரியும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆண்டவர் முன்னால் பாவனை செய்ய அவளுக்கு இஷ்டமில்லை. நான் காலேஜ் முடித்த வருஷம், ஒரு நாள் அந்த வரியையும் சேர்த்துச் சொன்னாள். அவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, வந்து கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "என்னம்மா, மன்னிச்சிட்டியா?"

"விட்டுட்டேன்," என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "அதுக்காக அவன் வீட்டு விசேஷத்துக்கு எல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள்.

அவள் விட்டது அவள் கையில் இருந்ததை. அவர் கையில் இருப்பது இன்னும் அவரிடமே இருக்கிறது. படத்தைப் பாருங்கள். சிறைக்காட்சியில் அவனுடைய முகத்தை மட்டும் பார்க்காமல், அவள் பெயருக்கு முன்னால் வரும் அந்தப் பிள்ளையின் பெயரையும் கவனியுங்கள்.